லேமினேட் செய்த ஒப்பந்தம்

அந்த ஒப்பந்தத்தை லேமினேட் செய்திருந்தார்கள். முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். இந்த டவுன்ஷிப் கோர்ட்டில் எத்தனையோ விதமான தாள்களைப் புரட்டியிருக்கிறேன். மை அழிந்த புரோநோட்டு, எலி கடித்த கிரயப் பத்திரம், கைரேகை எது கறை எது என்று தெரியாத ரசீது. ஆனால் தாங்கள் செய்த தப்பைத் தாங்களே முத்திரைத்தாளில் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் போட்டு, மடியில் வைத்து எடுத்துவந்த குடும்பத்தை அன்றுதான் பார்த்தேன்.

கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன், இனி வழக்கு நடத்துவதில்லை. இந்த வயதிலேயா மேடம் என்று கேட்கிறீர்கள். ஓரிடத்தில் நிற்காத உடம்பு எனக்கு; இத்தனை காலம் ஒரே கோர்ட்டில் நின்றதே பெரிது. வழக்கறிஞர் சங்க அறையில் போன வாரம் இளம் வக்கீல்கள் உங்களில் ஒருவர், "ஒப்பந்தச் சட்டம் இருபத்து மூணாம் பிரிவுக்கு ஒரு நல்ல தீர்ப்பு சொல்லுங்க மேடம்" என்றார். சட்டவிரோதமான நோக்கம், பொதுக் கொள்கைக்கு முரண், ஆகவே செல்லாது. தீர்ப்புகள் புத்தகத்தில் வரிசையாக நிற்கின்றன, போய்ப் படித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு பெண்ணைச் சொல்கிறேன்.

அந்த வழக்கைப் போட்டவர் வேறொரு வக்கீல். பாதியில் சென்னைக்குக் குடிபோய்விட்டார். "பாக்கிப் பணம் கேக்குற சாதாரண மணி சூட்டுதான் மேடம், பாத்துக்குங்க" என்று போனில் சொல்லி வழக்குக் கட்டை அனுப்பினார். கட்டுக்குப் பின்னாலேயே கட்சிக்காரர் கலியபெருமாள் வந்தார், கூடவே மகள் தனலட்சுமி. அவர் வேட்டி மடிப்பிலிருந்து அந்தப் பளபளப்பான தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். மின்விசிறிக் காற்றில்கூட அது அசையவில்லை.

படித்தேன். மறுபடியும் படித்தேன்.

கலியபெருமாளின் நிலத்தை நிலக்கரிச் சுரங்கக் கம்பெனி எடுத்துக்கொண்டது. நெல் போட்ட காணி, முந்திரி நின்ற மேடு எல்லாம். அதற்கு ஈடாகக் குடும்பத்தில் ஒருவருக்கு நிரந்தர வேலை. அப்போதிருந்த முறைப்படி மகன், மகள், மருமகன் யார் பெயரை வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவருக்கு ஒரே மகள். பிளஸ் டூ பாஸ். அவள் பெயரைக் கொடுத்திருக்கலாம். "பொம்பளப் புள்ள மைன்ஸ்ல போயி என்னாத்த பண்ணும்" என்று தரகர் ஒருவர் சொல்ல, மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து சேகர் என்ற இளைஞன் கொண்டுவரப்பட்டான். பதிவு அலுவலகத்தில் ஒரு கல்யாணம். அன்றே இந்த ஒப்பந்தமும். அதில் இப்படி எழுதியிருந்தது: இந்தத் திருமணம் வேலைக்காக மட்டுமே. மாப்பிள்ளை பெண்ணோடு குடும்பம் நடத்த மாட்டார். வேலை நிரந்தரமானதும் விவாகரத்து வாங்கி விலகிக்கொள்ள வேண்டும். பணியில் இருக்கும்வரை மாதாமாதம் சம்பளத்தில் பாதியை மாமனாருக்குத் தர வேண்டும்.

இந்தப் பக்கத்து ஜனங்களைத் தெரிந்தால் இது புரியும். நிலம் போனது ஒரு தாளில். பணம் வந்தது ஒரு தாளில். மாற்று மனை கிடைத்ததும் தாளில்தான். தாளில் இல்லாதது எதுவும் இங்கே நடந்ததாகக் கணக்கில்லை. அதனால் செய்யக்கூடாததைச் செய்தபோதும் ஒழுங்காக எழுதி வைத்துக்கொண்டார்கள்.

சேகர் வேலையில் நிரந்தரமாகும்வரை பாதியைக் கொடுத்தான். ஆனதும் நிறுத்திவிட்டான். விலகவும் இல்லை.

"இந்த வழக்கு தோத்துடும்" என்றேன்.

கலியபெருமாள் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். "அவன் ஏமாத்துனது நெசந்தானங்க?"

"நெஜம்தான்."

"கையெழுத்து அவன் கையெழுத்துதான?"

"அவரோடதுதான்."

"பின்ன?"

அந்த 'பின்ன' இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் நமக்கு இத்தனை சட்டப் புத்தகம். "நீங்க ரெண்டு பேரும் சேந்து கம்பெனியை ஏமாத்த எழுதிக்கிட்டது இது. திருட்டுல பங்கு பிரிச்சுக் குடுங்கன்னு கோர்ட்டைக் கேக்க முடியாது. கேட்டா, கோர்ட் கையை எடுத்துக்கும். அவங்கவங்க நிக்கிற எடத்துலயே நில்லுங்கன்னு விட்டுடும்."

"அப்ப அவன் பாட்டுக்குச் சம்பளம் வாங்கிக்கினே இருப்பானா?"

"இந்த வழக்கைப் பொறுத்தவரைக்கும், ஆமா."

"நல்ல சட்டங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சொத்தைக் கத்திரிக்காயைத் திருப்பி வைப்பவர் போலச் சொன்னார்.

அதுவரை மகள் வாய் திறக்கவில்லை. டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் தெருப் பெருக்கும் வேலை அவளுக்கு. பச்சை மேல்சட்டையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தாள். நிரந்தர வேலைக்குத் தகுதியிருந்த பெண். அதே ஊரில், அதே கம்பெனிக் குவார்ட்டர்ஸ் வாசலில், தினக்கூலிக்கு வேப்பஞ்சருகு கூட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒண்ணு சொல்லணுங்க. போன மாசம் என்னை வேற பிளாக்குக்கு மாத்துனாங்க. பெருக்கிக்கினு இருந்தேன். மாடியிலேர்ந்து ஒரு அம்மா, 'தனம், தனலச்சுமி, தண்ணி வந்துடுச்சு பாரு'ன்னு கூப்புட்டாங்க. நம்மளத் தெரிஞ்சவங்க போலன்னு திரும்பினேன். அவங்க என்னையக் கூப்புடல. கீழ்வூட்லேர்ந்து ஒரு பொண்ணு கொடத்த எடுத்துக்கினு ஓடியாந்துது. வாசல்ல பேரு எழுதியிருந்துது. சேகர்னு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அவன் சம்சாரங்க அது. நெசமான சம்சாரம். ஆபீஸ்ல சம்சாரம்னு எம் பேரு இருக்குதில்ல? அதனால அந்தப் பொண்ணுக்கு எம் பேர வெச்சிட்டான். ஆஸ்பத்திரில மெடிக்கல் புக்குல எம் பேருக்குப் பக்கத்துல அவ போட்டோ. அக்கம்பக்கத்துல அவதான் தனம்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"குப்பை வாங்குறவங்களுக்குத் தெரியாதது என்னங்க இருக்குது."

"உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். கட்சிக்காரரிடம் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலும் நாம் கேட்பதில்லை, வழக்கின் தலைப்பைப் பார்த்து நாமே முடிவுசெய்துவிடுகிறோம்.

"அப்பாவுக்குக் காசு வேணும். எனக்கு எம் பேரு வேணுங்க. என்னைப் பொண்ணு பாக்க ஒருத்தங்க வந்தாங்க. சேத்தியாத்தோப்பு. எல்லாம் பேசி முடிஞ்சுது. கல்யாணத்தப் பதியணும்னு விசாரிச்சா, எனக்கு ஏற்கெனவே புருசன் இருக்கான்னு வருது. எழுந்து பூட்டாங்க."

திருமணம் செல்லாது என்று தனி வழக்குப் போடலாம்தான். ஆனால் அங்கேயும் இதே கதையைத்தான் சொல்ல வேண்டும். சொன்னால் சேகரின் வேலை போகும். பொய்க் கல்யாணம் காட்டியதற்குக் கலியபெருமாள்மேல் கிரிமினல் வழக்கு வரும். எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே அதே இருட்டு. வழக்கைத் திரும்பப் பெறச் சொன்னேன். கிழவர் மாட்டேன் என்றார். பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது தோற்கும் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை.

பிறகு எதிர்த்தரப்பின் எதிருரையும் ஆவணங்களும் வந்தன. சேகர் மிகவும் யோசித்துப் பதில் போட்டிருந்தான். திருமணம் உண்மையானது, தனலட்சுமி என் சட்டபூர்வமான மனைவி, கோபித்துக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தால் அது பொதுக் கொள்கைக்கு முரணானது, செல்லாது. சட்டப்படி ஒரு ஓட்டை கிடையாது. ஏமாற்றியவனின் கையில் நேர்மையான சட்டம் எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது! திருமணம் உண்மை என்பதற்கு ஆதாரமாக அவன் ஒரு பிறப்புச் சான்றிதழைத் தாக்கல் செய்திருந்தான். பெண் குழந்தை. தாயின் பெயர்: தனலட்சுமி.

அந்த நகலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனேன். வெளியே சுரங்கத்தின் ராட்சச இயந்திரங்கள் மண்ணைக் கரகரவென்று கடித்துக்கொண்டிருந்தன. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்பதே இல்லை. அன்று எனக்குக் கேட்டது. குழந்தை பெறாத ஒரு பெண்ணை அரசாங்கம் அம்மா என்கிறது. பெற்றவள் எந்தத் தாளிலும் இல்லை.

தனத்திடம் காட்டினேன். படித்தாள். "புள்ளைக்குப் பேரு நல்லாருக்குது" என்றாள். நகலைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் சாட்சி சொல்ல வேண்டிய நாள் வந்தது. கோர்ட் வராந்தாவில் கூட்டம். சேகரின் வக்கீல் என்னைத் தனியாக அழைத்தார். பண்ருட்டிக்காரர், பழகுவதற்கு இனியவர், பலாப்பழக் காலத்தில் கோர்ட் முழுக்கச் சுளை கொடுப்பார்.

"மேடம், ஒரே ஒரு வார்த்தை. 'ஆமா, நான் அவரு சம்சாரம், கொழந்தை எங்களுது'ன்னு உங்க பொண்ணு சொல்லட்டும். ஒப்பந்தம் கிப்பந்தம் எல்லாம் மறந்துடுவோம். ஜீவனாம்சம்னு போட்டு மாசாமாசம் பேங்க்ல விழற மாதிரி பண்ணிடறேன். பெரியவருக்குச் சோறு, எங்காளுக்கு வேலை. யாருக்கு நஷ்டம்?"

"பொய் சொல்லச் சொல்றீங்க."

"ரிஜிஸ்தர்ல என்னா இருக்குதோ அதைத்தான் சொல்லச் சொல்றேன். ரிஜிஸ்தர் பொய் சொல்லுமா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இல்லாட்டி எல்லாரும் அடிபடுவாங்க மேடம். உங்களுக்கே தெரியும்."

தெரிந்தது. அதுதான் அதிர்ச்சி. பணக்கணக்கில் பார்த்தால் அதைவிட நல்ல முடிவு அந்த வழக்கில் கிடைக்கவே கிடைக்காது. சட்டம் தர மறுக்கும் அதே பணம், ஒரு பொய்யைப் போர்த்திக்கொண்டு வந்தால் மரியாதையாகக் கிடைக்கும். வழக்கைக் கூப்பிடுவதற்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பொய் சாட்சிக்கு நான் துணை போக முடியாது என்பது ஒரு பக்கம். ஒரு கிழவரின் சோற்றைத் தட்டிவிட எனக்கு என்ன உரிமை என்பது இன்னொரு பக்கம்.

வேப்பமரத்தடியில் அப்பாவும் மகளும் நின்றிருந்தார்கள். பண்ருட்டி வக்கீல் சொன்னதை அப்படியே சொன்னேன், எதையும் குறைக்காமல். "ஆமான்னு சொன்னா காசு வரும், நீ சாகிற வரைக்கும் அவன் பொண்டாட்டி. அப்படிச் சொல்றதா இருந்தா நான் இந்த வழக்குலேர்ந்து விலகிக்குவேன். இல்லேன்னு சொன்னா வழக்கு போகும், அவன் வேலை போகும், அப்பாமேல கேஸ் வரலாம். இது உன் வாய், உன் பேரு" என்றேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். அந்த வாயை மூடிக்கொள்வதுதான், பிள்ளைகளே, இந்தத் தொழிலில் நான் கற்ற ஆகக் கடினமான வேலை.

கலியபெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்தார். "சொல்லிடும்மா. ஒரு வார்த்ததான."

"ஒனக்கு ஒரு வார்த்தப்பா. சேத்தியாத்தோப்புக்காரன் எழுந்து போனப்ப நீதான் குனிஞ்சி அவனுக்குச் செருப்பு எடுத்து வெச்ச."

"காணியும் போச்சு, முந்திரியும் போச்சு. இதாவது..."

"நான் ஆமான்னா அந்தப் புள்ளைக்கு அம்மா இல்லாம பூடும். இல்லன்னா ஒனக்குச் சோறு இல்லாம பூடும். என்னாத்த சொல்ல?" என்றாள். கேட்டது அப்பாவிடம், பார்த்தது என்னை. நான் மரத்தைப் பார்த்தேன்.

உள்ளே போனோம். நீதிபதி இளைஞர், இந்த ஊருக்குப் புதியவர். கோர்ட் அலுவலக உதவியாளர் கதவருகே நின்று நீட்டிக் கூப்பிட்டார்: "தனலட்சுமி... தனலட்சுமி... தனலட்சுமி..."

பின்வரிசை பெஞ்சில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள்.

நீதிபதிக்குக் குழந்தையைக் காட்டவென்று அவளைக் கூட்டிவந்திருந்த சேகர், பக்கத்திலிருந்து அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "ஒக்காருடி." அதற்குள் மொத்தக் கோர்ட்டும் திரும்பிவிட்டது. அவள் எதையும் நினைத்து எழவில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் எழுவாள். ரேஷன் கடையில் கூப்பிட்டால் எழுவாள். மாடி வீட்டு அம்மா கூப்பிட்டால் குடத்தோடு ஓடுவாள். இங்கேயும் கால் தானாக எழுந்துவிட்டது. அதே நேரத்தில் முன்வரிசையில் என் கட்சிக்காரப் பெண்ணும் எழுந்திருந்தாள். ஒரே பெயருக்கு இரண்டு பெண்கள். நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"யாரும்மா தனலட்சுமி?"

பண்ருட்டி வக்கீல் காகிதங்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

"நாந்தாங்க ஐயா" என்று என் கட்சிக்காரப் பெண் கூண்டேறினாள். உறுதிமொழி எடுத்தாள்.

நீதிபதி நேராகவே கேட்டார். "அவங்க யாரு? ஏன் எழுந்தாங்க?"

தெரியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். பண்ருட்டி வக்கீலின் கண் அதைத்தான் கெஞ்சியது. கலியபெருமாளின் கண்ணும். அந்தப் பெண் குழந்தையைத் தோளோடு அணைத்துக்கொண்டு, அடி விழப்போகும் இடத்தைப் பார்ப்பதுபோல இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்கதாங்க இவரு சம்சாரம். அந்தப் புள்ளையப் பெத்தவங்க. நான் இவர ரிஜிஸ்தர் ஆபீஸ்ல ஒரு நாள் பாத்ததோட சரி. பேரு மட்டும் என்னுது. எடுத்துக்கினு போயிட்டாங்க."

சுருக்கெழுத்தர்கூட நிமிர்ந்து பார்த்தார். சேகர் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கலியபெருமாள் எழுந்து வெளியே போனார். அவருடைய ரப்பர் செருப்புச் சத்தம் வராந்தா முழுக்க நடந்து, படியிறங்கி, மண்ணில் அடங்கியது.

தீர்ப்பு நான் சொன்னபடியே வந்தது. ஒப்பந்தத்தின் நோக்கம் சட்டவிரோதம், பொதுக் கொள்கைக்கு முரண். வழக்கு தள்ளுபடி. இரு தரப்பும் தப்பில் சமபங்கு என்பதால் கோர்ட் யாருக்கும் உதவாது. அவர்களை நிற்கும் இடத்திலேயே விடுகிறது. தீர்ப்பின் நகல் கம்பெனிக்கும் போனது. விசாரணை நடந்தது. சேகர் வேலையை இழந்தான், குவார்ட்டர்ஸைக் காலி செய்தான். கலியபெருமாள்மேல் வழக்கு இன்னும் நடக்கிறது. வேறு வக்கீல் பார்க்கிறார். மகளோடு அவர் பேசுவதில்லை. அவள் கொண்டுபோய் வைக்கும் சோற்றை மட்டும் சாப்பிடுகிறார்.

'நிற்கும் இடத்திலேயே விடுகிறது.' அந்த வரியை எத்தனையோ தீர்ப்பில் படித்திருக்கிறேன். இந்த முறை அதைத் தாண்டிப் போக முடியவில்லை. தனத்திடம் அவர்கள் நிலம் எங்கே இருந்தது என்று கேட்டு, ஒருநாள் அவளோடு பார்க்கப் போனேன். சுரங்கத்தின் வேலியோரம் நின்றோம். அவள் கையை நீட்டினாள். கைக்கு நேரே தரை இல்லை. ஆகாயம் கீழே இறங்கிப் போயிருந்தது. படிப்படியாக வெட்டிய மண், சிவப்பு, சாம்பல், மஞ்சள். அடியில் ஈரப் பழுப்பில் நிலக்கரி. எறும்பு போல லாரிகள். "அந்தா, அந்த மிசினு இருக்குதுல்ல, அதுக்கு மேல, வெறும் காத்துல, அங்கதாங்க எங்க முந்திரி" என்றாள்.

சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பேரத்தைக் கோர்ட் நிறைவேற்றிக் கொடுத்தால் நாளைக்கு ஒவ்வொரு வேலையும் சந்தையில் விலை போகும். பிரிவு சரி, தீர்ப்பு சரி. நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒரு வழக்கைக் கையில் வாங்குமுன், கோர்ட் கையை எடுத்துக்கொண்டால் உங்கள் கட்சிக்காரர் எங்கே நிற்பார் என்று போய்ப் பாருங்கள். சில பேருக்கு அங்கே தரை இருக்காது.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலை என் வாசலில் இரண்டு பெண்கள், ஒரே குடைக்குள். ஒருத்தி தனம், பச்சை மேல்சட்டையோடு. இன்னொருத்தி இடுப்பில் குழந்தையோடு. நான் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"என்னங்க மேடம், பேயப் பாத்த மாதிரி பாக்குறீங்க" என்றாள் தனம். "புள்ளைய பால்வாடில சேக்கணுமாம். சர்ட்டிபிகேட்டுல அம்மா பேர மாத்தணும். நான்தான் அம்மாவாம், நான் வந்து இல்லன்னு எழுதிக் குடுக்கணுமாம். இவுங்களுக்கு ஆபீஸ்ல பேசத் தெரியல. அதான் இட்டுக்கினு வந்தேன்."

"நீங்க ரெண்டு பேரும்..." என்று ஆரம்பித்தேன்.

"அவன்மேல இருக்கற கோவம் இந்தப் புள்ளைமேல எதுக்குங்க?"

உட்கார வைத்தேன். மனுவை எழுத ஆரம்பித்தேன். குழந்தையின் பெயர், பிறந்த இடம், தவறாகப் பதிவான தாயின் பெயர். அடுத்த வரிக்கு வந்ததும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "உன் பேரு என்னம்மா?"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். தனத்தைப் பார்த்தாள். அனுமதி கேட்கிறாளா, மறந்தே போய்விட்டாளா, எனக்குப் புரியவில்லை. பேனா தாளுக்கு மேலே நின்றது. வெளியே மழை. குழந்தை குடைக்கம்பியை நக்கிக்கொண்டிருந்தது.

"சொல்லு. மேடந்தான" என்றாள் தனம்.

"அஞ்சலாச்சி" என்றாள் அவள். அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டிருக்க வேண்டும், மறுபடி ஒருமுறை சொன்னாள். "அஞ்சலாச்சிங்க."

தனம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லாத்தான இருக்குது. இதை வெச்சிக்கினா என்னுத எடுத்துக்கினு போன?"